தேர் அன்று நீ கழற்றிய மீட்டர்

மகனே,

நான் நலம். உன் நலத்தை நீ போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்துகொண்டேன். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. "கோமதிகிட்ட என்னாம்மா சொன்னே? நிச்சயம் பண்ண பொண்ணு இப்ப கல்யாணம் வேணாங்குறா. நீ என்னத்தையோ சொல்லிக் கெடுத்து வெச்சிருக்கே" என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது பார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் நான் சொல்கிற வரிசையில்தான் வரும், நீ கேட்கிற அவசரத்தில் வராது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஒட்டி ஒளித்து அனுப்பப் போவதில்லை. எதிர்வீட்டு ஜெயமேரி வாசலில் உட்கார்ந்து நம் தெருப் பெண்கள் எல்லாருக்கும் உரக்கப் படித்துக்காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். உனக்கு மானக்கேடாக இருக்குமென்றால் இருக்கட்டும். போன மாசி மகத்திலிருந்து இந்தத் தெருவில் நான் எப்படி நடந்துபோகிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. குழாயடியில் நான் குடத்தோடு போய் நின்றால் பேச்சு நின்றுபோகும். எல்லாருக்கும் எதிரில் நடந்ததை எல்லாருக்கும் எதிரில் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். பாதிக் கதை அவர்களுக்குத் தெரியும், மீதிக் கதை உனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

நம் தெருவில் எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் பியூஸ் கட்டைதான். சூளையில் சுட்டு வந்த வெள்ளைப் பீங்கானை ஒரு சின்ன மோட்டார் சக்கரத்தில் அடிப்பாகம் தேய்த்து, பித்தளைத் தகடு வைத்து, ஸ்க்ரூ முடுக்கிப் பெட்டியில் அடுக்குவது. அந்த வேலை போட்ட சோற்றில்தான் நீ வளர்ந்தாய். போன மாசி மகத்துக்கு முன்னால், இலவச டிவி வீடு வீடாக வந்துகொண்டிருந்த சமயம். வட்டு சுற்றுகிற பழைய கரண்ட் மீட்டரை எல்லாம் கழற்றிவிட்டு எண் மின்னுகிற புது மீட்டர் மாட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தெருவில் மாட்டினார்கள். மாட்டிய வீடுகளில் பில் கூடிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள், அதெல்லாம் இல்லை என்று இன்னொருத்தி சொன்னாள். எது நிஜம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை எங்கள் சுவரில் அடிக்காதே என்றுதான் சொன்னோம். அந்தப் புது மீட்டரோடு பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்றும் வந்தது, நாங்கள் செய்கிற பியூஸ் கட்டைக்கு அதில் இடமே இல்லை. அந்தக் கோபமும் எங்களுக்கு இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

மாட்டுகிற வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியில் நீ சேர்ந்திருந்தாய். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை வேலைதான். முதல் நாள் உன் ஆட்கள் ஏணியோடு வந்தபோது பெண்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டோம், போய்விட்டார்கள். ஆனால் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு வாசலில் உட்கார முடியும்? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யார் சொன்னது என்று உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள், நான்தான் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலையைக் கொத்தாகச் செருகிவிட்டோம். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் எவன் வருவான்? உன் ஆட்கள் தெருமுனையிலேயே நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பொய்தான். ஆத்தாள் பேரைச் சொல்லிச் சொன்ன பொய்தான். அவளிடம் நான் கணக்குத் தீர்த்துக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே. கூத்து என்னவென்றால் உன் ஆட்களோடு சேர்த்துப் பால்காரரும் நின்றுபோனார். பீங்கான் கம்பெனி வண்டிக்காரன் பெட்டிகளைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு ஓடினான், நாங்கள் தலையில் சுமந்து வந்தோம். சுகாதார நர்சம்மா ஒருத்தர் ஆட்டோ பிடித்து வந்து, "என்னாங்க இது, தெருவுக்கே ஒட்டுக்கா அம்மையா?" என்று வீடு வீடாகப் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஜெயமேரி தன் வாசலில் வேப்பிலையையும், கதவுக்குமேல் சிலுவையையும் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க" என்றாள். அன்று சிரித்த மாதிரி நாங்கள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பை நிறுத்தியது நீ. ஆட்கள் வரமாட்டேன் என்றதும் நீயே வந்தாய். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் ஆட்களைக் கூப்பிட்டு, "கருவாட்டுக் கொழம்பு கொதிக்குது, கடுகு வெடிக்குது. அம்மை போட்ட வூட்ல எவன்டா தாளிப்பான்? சர்ச்சுக்குப் போற வூட்ல எப்பலேருந்துடா ஆத்தா எறங்குனா? எல்லாம் நடிப்பு, உள்ள போங்கடா" என்றாய். உனக்கு அம்மை போட்டபோது இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் தாளிப்புச் சத்தம் கேட்கவில்லை. உனக்காக அக்கம்பக்கம் எல்லாரும் வெறும் கஞ்சியைக் குடித்தார்கள். அங்கே கற்றுக்கொண்டதை அவர்கள் மேலேயே திருப்பினாய். புத்திசாலித்தனம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதை மன்னித்துவிட்டேன், ஏனென்றால் அதை நேருக்கு நேராகச் செய்தாய். நாங்கள் பொய் சொன்னோம், நீ கண்டுபிடித்தாய். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

வேப்பிலை வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் நாங்கள் எல்லாரும் கரண்ட் ஆபீசுக்கே போனோம். அங்கிருந்த இன்ஜினியர் தன்மையான மனிதர். உட்காரவைத்துப் பேசினார். "மீட்டர் எங்க சொத்தும்மா. நீங்க தடுக்க முடியாது" என்றார். "மீட்டரு ஒங்களுதுங்க, செவுரு எங்களுதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகுதான் நான் கேட்டேன். "பழசைக் கழட்டாதீங்க. பக்கத்துலயே புதுசையும் மாட்டுங்க. ஒரே கரண்டு ரெண்டுலயும் ஓடட்டும். அடுத்த தடவை கணக்கெடுக்க வர்றவரு ரெண்டையும் பாத்து, தெருவுல எல்லாருக்கும் எதிர்ல படிச்சிச் சொல்லட்டும். ரெண்டும் ஒண்ணா இருந்துதுன்னா நாங்களே ஏணியைப் புடிச்சிக்கிறோம்." அவர் யோசித்துப் பார்த்துச் சரி என்றார். ஒரு வீட்டில் மட்டும் என்றார். அந்த வீடு நம் வீடாக இருக்கட்டும் என்று தெரு சொன்னது. "ஒங்க புள்ள அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான வூடு" என்று சொன்னவள் ஜெயமேரி. அந்த இரண்டாவது மீட்டரை நீதான் வந்து மாட்டினாய். அன்று உனக்குக் கறிக்குழம்பு வைத்தேன். இரண்டு மீட்டர்மேலும் ஒரு பழைய வேட்டித் துணியைப் போட்டு மூடினேன், உன் அப்பாவின் வேட்டி. ஏன் மூடினேன் தெரியுமா? நடுவில் நான் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால், அது ஊர் வாயில் ஒன்பதாகும். கணக்கெடுக்கிறவர் வந்து திறக்கும்வரை நானும் பார்க்கமாட்டேன் என்று தெருவுக்கு வாக்குக் கொடுத்தேன். பார்க்கவும் இல்லை. துணிக்கு அடியில் ஒன்று சத்தம் போட்டு ஓடும், இன்னொன்று மினுக்கென்று சிவப்பாக அடிக்கும். துணிவழியாகத் தெரிகிற அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூ முடுக்குவேன்.

கணக்கெடுப்புக்கு முன்னால் மாசி மகம் வந்தது. பழமலைநாதர் கோயில் தேர் அன்று விருத்தாசலத்தில் யார் வீட்டில் இருப்பார்கள்? தெருவே காலி. நீ அந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டாய். உன்னிடம் வீட்டுச் சாவி இருந்தது. பெற்ற பிள்ளையிடம் சாவி இல்லாமல் எவனிடம் இருக்கும்? நான் தெற்குக் கோபுர வாசலில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, "எம்புள்ள நல்லா இருக்கணும்" என்று தேரைப் பார்த்துக் கும்பிட்ட நேரத்தில், நீ உன் அப்பாவின் வேட்டியை விலக்கிப் பழைய மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது சுவரில் புதியது மட்டும் இருந்தது. பழையது இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடிக்காத ஒரு சதுரம். வேட்டியை ஒழுங்காக மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தாய். அந்த ஒழுங்கைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவசரத்தில் செய்தாய் என்றுகூட நினைத்துக்கொள்ள நீ எனக்கு வழிவிடவில்லை.

மறுநாள் காலையில் நீ தெருவில் நின்று சொன்னதைத் தெரு மறக்கவில்லை. "எங்க அம்மா வூட்லயே மாட்டியாச்சு. அவங்களே சம்மதிச்சித்தான் பழசைக் கழட்டச் சொன்னாங்க. இன்னும் நீங்க ஏன் புடிவாதம் புடிக்கிறீங்க?" நான் அப்போது முடித்த பியூஸ் கட்டைகளை இறக்கிவைக்கப் பீங்கான் கம்பெனிக்குப் போயிருந்தேன். வருவதற்குள் எல்லா வீட்டிலும் மாட்டி முடித்திருந்தாய். யாரும் தடுக்கவில்லை. எதற்குத் தடுப்பார்கள்? முன்னால் நின்றவளே பின்வாசல் வழியாக விற்றுவிட்டாள் என்றால் மற்றவர்கள் யாருக்காக வெயிலில் உட்காருவது? ஜெயமேரி என் வாசலில் வந்து நின்று, "புள்ளைக்கு வேலை ஒசரணும்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நாங்களே வுட்டுக் குடுத்திருப்போமே" என்றாள். "நான் சொல்லலடி" என்றேன். "அப்ப ஒம்புள்ள பொய் சொல்றானா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மகனே, கேள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என் தலை நிமிர்ந்திருக்கும். உன்னைப் பொய்யன் என்று தெருவில் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. ஜெயமேரி, கேட்டுக்கொள்: அவன் பொய்தான் சொன்னான்.

புது மீட்டர் நியாயமாகவே ஓடுகிறதோ என்னவோ. ஓடட்டும். எந்த மீட்டர் சரி என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நீ சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதாடா?" "தெருவை முடிக்கலன்னா என்னைத் தூக்கியிருப்பாங்கம்மா. பொழப்பும்மா" என்றாய். சரி, பிழைப்பு. என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவே" என்றாய், மிக்சரை வாயில் போட்டுக்கொண்டே. ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்தாய். என் சம்மதம் உனக்குத் தேவைப்பட்டது, ஆனால் நான் தேவைப்படவில்லை. நீயே எனக்காகச் சம்மதித்துக்கொண்டாய். சென்னையில் சூப்பர்வைசர் நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்துகொள், நான் தள்ளவில்லை.

இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். இந்த வீட்டில் வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்பு இருந்தது. சேத்தியாத்தோப்பில் உன் பெரியப்பாவின் அரிசி மில்லில் வேலை இருக்கிறது, குடியே போய்விடலாம் என்று உன் அப்பா ஒரு தடவை டிரங்குப் பெட்டியில் துணியெல்லாம் அடுக்கிவிட்டார். நான் வரமாட்டேன் என்றேன். மனிதர் சாமியாடினார். தட்டைத் தள்ளினார். என் அப்பன் ஆத்தாள் வரைக்கும் இழுத்துத் திட்டினார். ஆனால் மறுநாள் பெட்டியைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டுச் சூளைக்குப் போனார். அந்தப் பேச்சை அவர் சாகும்வரை எடுக்கவில்லை. அதே மனிதர் உன்னையும் தன்னோடு சூளைக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். பத்தாவது முடித்த கையோடு நீ, "நான் வரமாட்டேன், ஐ.டி.ஐ. படிக்கப்போறேன்" என்று நிலைப்படியில் நின்று சொன்னாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவன் வேணாங்குறான், வுடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். அந்த ஒரு வார்த்தையில்தான் நீ எலக்ட்ரீசியன் ஆனாய். உன் வேண்டாம் இந்த வீட்டில் செல்லுபடியானது. நீ மற்றவர்களுக்கு அதைக் கொடுக்கமாட்டாய் என்றால் யாரிடம் கற்றாய்?

இப்போது கோமதிக்கு வருகிறேன். நான் அவளைக் கூப்பிடவில்லை, அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். வேப்பூரில் அவள் அப்பா ஓட்டல் கல்லாவில் இருக்கிற போனிலிருந்து பேசினாள், பின்னால் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. "அத்தை, பி.எட். பரீட்சை முடியட்டும், அதுக்கப்புறம் கல்யாணத்தை வெச்சிக்கலாம், இப்ப வேணாம்னு அவருகிட்ட சொன்னேன். சரி யோசிக்கலாம்னாரு. நான் டிரெயினிங்குக்கு ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப வந்து அப்பாவைப் பாத்து, கோமதி ஒத்துக்கிட்டா, வைகாசியிலயே வெச்சிக்கலாம்னு சொல்லி மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்க வெச்சிட்டாரு. சாயங்காலம் வந்தா அப்பா எனக்கு வாழ்த்து சொல்றாரு அத்தை" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "அவரு எப்பவும் இப்புடித்தானா?"

அவ்வளவு நாளும் மீட்டருக்காகத்தான் அழுதேன் என்று நினைத்திருந்தேன், அது மீட்டரோடு போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "எப்பவும் இல்லம்மா, அவன் நல்ல புள்ள" என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எந்தத் தாய்க்கு வராது? ஒரு தடவை உனக்காக வாயை மூடிக்கொண்டு ஒரு தெருவையே இழந்தவள் நான். இன்னொரு தடவை மூடினால் அந்தப் பெண் தன் வாழ்க்கையையே இழப்பாள். அதனால் தேர் அன்று நடந்ததை அவளுக்குச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீ குடிக்கமாட்டாய், கைநீட்டமாட்டாய், வேலையில் கெட்டிக்காரன் என்பதையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் என்னா அத்தை செய்யணும்?" என்றாள். "நீ சொன்னதையே சொல்லு. இந்தத் தடவை அவன் மூஞ்சிக்கு நேரா, ஒங்கப்பாவைப் பக்கத்துல வெச்சிக்கிட்டுச் சொல்லு" என்றேன். இவ்வளவுதான் நான் கெடுத்தது.

அவள் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நீ என்ன செய்தாய்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குப் போன் போட்டுக் கத்தினாய். உன் காதில் விழுந்தது அவள் குரல் இல்லை, என் குரல்தான். ஒரு பெண் தானாகவே வேண்டாம் என்று சொல்லுவாள் என்பது உன் புத்திக்கு எட்டவில்லை, யாரோ பின்னால் இருந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பத்திரிகை அடிக்க அச்சாபீசில் கொடுத்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். பெயர் போட்டிருக்கிறாயாம், முகூர்த்தம் போட்டிருக்கிறாயாம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து அதை நிறுத்து. அவள் அப்பாவிடம் போய், கோமதி ஒத்துக்கொள்ளவில்லை, நான்தான் ஒத்துக்கொண்டதாகச் சொன்னேன் என்று உன் வாயால் சொல். எனக்குச் செய்யாததை அவளுக்காவது செய். அதற்குப் பிறகு அவள் சரி என்றாலும் சரிதான், வேண்டாம் என்றாலும் சரிதான். இரண்டையும் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவனாக இருந்தால் மட்டும் அவள் எதிரில் போய் நில்.

என் பெயரையும் பத்திரிகையில் போட்டிருப்பாய், அதற்கும் என்னைக் கேட்டிருக்கமாட்டாய். அதை எடுத்துவிடு. கல்யாணம் என்று ஒன்று நடந்தால் நான் வருவேன், ஆனால் நீ கூப்பிட்டு வரமாட்டேன். கோமதி கூப்பிடட்டும். அவள் குரலில் சம்மதம் இருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா